கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு ஆள்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டைலரக்கா வீட்டு முனையில் இருக்கும் கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுராத்திரி, இடி, மின்னல், கரண்ட் போன வீடு... அதெல்லாம் இதில் கிடையாது. எல்லாம் நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

டைலரக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டின் பக்கவாட்டு அறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். பக்கத்திலேயே ரேடியோ. காலையில் போட்டால் ராத்திரி சாப்பிடப் போகும்போதுதான் அணைப்பாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாவம், மனுஷனுக்கு வாயைத் திறந்து பேசும் வாய்ப்பு வேனில்தான் கிடைக்கும். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள்.

அடுத்த வீடு அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சியுடையது. ஆறு வயது இளையவள். அப்பா விட்டுப்போன மனையை இரண்டாகப் பிரித்து அக்காவும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு சிமெண்ட் சந்து. இரண்டு பேருக்கும் பொது. சந்தின் கோடியில் தங்கச்சி வீட்டு வாசல், இரும்பு கிரில் கதவு. டைலரக்கா மெஷினில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பினால் அந்த கிரில் தெரியும். தற்செயலாக அமைந்தது இல்லை. கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லி ஜன்னலை அந்த இடத்தில் வைக்கச் சொன்னது டைலரக்காதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கச்சியோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று.

அப்படிப்பட்டவர்களுக்குள் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டைலரக்கா மகளுக்கு முதலில் ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா தங்கச்சியிடம் பேச்சுக் கொடுத்தாள். இவளும் வெள்ளந்தியாக, "சின்ன வயசுல பொண்ணுக்கு மூச்சிரைப்பு இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லிவைத்தாள். வரன் போயிற்று. பிறகு மகளுக்கு அதைவிட நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. மகள் இன்றைக்கும் சித்தியோடு போனில் மணிக்கணக்கில் பேசுகிறாள். டைலரக்காவுக்கு மட்டும் ஆறவில்லை.

"கெடுத்தது அந்த வாய்தானே? அந்த வாயாலேயே எங்கிட்ட வந்து தப்புன்னு சொல்லட்டும்." நாலு வருஷமாக இதே பல்லவி.

தங்கச்சி எத்தனையோ தடவை வந்தாள். இவள்தான் கதவைத் திறக்கவில்லை. திறக்காத கதவுக்கு முன்னால் நின்று எப்படித் தப்பு என்று சொல்வது? அதை டைலரக்காவிடம் கேட்க யாருக்குத் தைரியம்?

அப்புறம் குப்பைத் தகராறு வந்தது.

சந்தின் தெரு முனையில்தான் இரண்டு வீட்டுக் குப்பைப் பையும் இருக்கும். விடிந்ததும் வண்டி வந்து எடுத்துப்போகும். ஒரு வாரமாக டைலரக்காவின் பை மட்டும் கிழிந்து, வெட்டுத் துணியும் முட்டை ஓடும் அவள் வாசல் வரை சிதறிக் கிடந்தன. தங்கச்சியின் பைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா? என் பை மட்டும் கிழியுது. யார் வேலைன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும்" என்றாள் புருஷனிடம்.

"சின்னவ அப்படியெல்லாம் செய்ய மாட்டா..."

"நீங்க வாய மூடுங்க."

மறுநாளே கேமராக்காரர் வந்தார். தொப்பையும் ஏணியுமாக ஒரு மனிதர். நாலைந்து விதமான கேமராக்களை மேஜையில் பரப்பிவிட்டு, முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆள் வந்தது தெரிஞ்சா போதுமா, இல்ல யார் வந்தான்னு தெரியணுமா?"

"யார்னு எனக்கே தெரியும். ஊருக்குத் தெரியணும்."

"அப்ப ரொம்ப அகலமாக் காட்டுறது வேணாம்மா. அகலம் கூடக்கூட மூஞ்சி கடுகாட்டம் ஆயிடும். இத எடுத்துக்குங்க. மழை வெயில் தாங்கும், சத்தம் பதியும். இலை ஆடினா, பேப்பர் பறந்தா கண்டுக்காது. மனுஷன் வந்தா மட்டும் அவனச் சுத்திப் பச்சைக் கோட்டுல சட்டம் போட்டு, உங்க போனுக்கு ‘ஆள்’னு செய்தி அனுப்பும். நாய் பூனை வந்தா செய்தி வராது, படம் மட்டும் கார்டுல ஓடிட்டே இருக்கும்."

ரொம்ப உயரத்தில் மாட்டினால் வழுக்கைத் தலைதான் தெரியும் என்று ஒன்றரை ஆள் உயரத்தில் துளை போட்டார். மாட்டி முடித்துப் போனில் படத்தைப் பார்த்தவர், தலையைச் சொறிந்தார்.

"அம்மா, குப்பை ஓரத்துலதான் தெரியுது. கேமரா அந்த வீட்டு வாசலப் பாக்குதே?"

"வர்றவ அங்கிருந்துதானே வருவா?"

மூன்றாவது நாள் விடிகாலைப் பதிவில் திருடன் அகப்பட்டான். ஒரு காது கிழிந்த சாம்பல் நிறப் பூனை. நிதானமாக இரண்டு பையையும் மோந்து பார்த்தது. மீன் முள் இருந்த பையைக் கிழித்தது. டைலரக்கா வீட்டில்தான் வாரம் முழுக்க மீன்.

அவள் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. கேமராவைத் திருப்பவும் இல்லை. அன்றிலிருந்து வெளியே சின்னதாகச் சத்தம் கேட்டாலும், மெஷினில் இருந்தபடியே "சூ! போ சனியனே!" என்று ஒரு அதட்டல் போடுவாள். பூனை ஓடிவிடும். தெருவில் யாராவது குப்பையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எல்லாம் கேமராவுல இருக்கு, நேரம் வரும்போது காட்டுறேன்" என்பாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

கேமரா மாட்டிப் பத்து நாள் கழித்துத் தங்கச்சியே வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"அக்கா, கேமராவக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பேன். வாசல்ல காத்தாட உக்காரக்கூட முடியல. யாரோ உத்துப் பாத்துட்டே இருக்கற மாதிரி இருக்கு."

டைலரக்கா நிமிரவில்லை. உள்ளே இருந்த புருஷனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க, சுவத்தோட பேச எனக்கு நேரமில்லன்னு சொல்லுங்க."

 தங்கச்சி வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

தங்கச்சி புருஷன் மில்லில் வேலை பார்க்கிறவர், அமைதியான ஆள். அவருக்கே பொறுக்கவில்லை. போலீஸில் சொன்னார். ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்தவர் வாசலைப் படம் பிடிக்கக் கூடாது, ஒன்று திருப்புங்கள், இல்லை மறையுங்கள் என்று சொல்லிப் போனார். திருப்பினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். அதனால் கேமராக்காரரைக் கூப்பிட்டு மறைக்கச் சொன்னாள்.

அவர் போனிலேயே விரலால் ஒரு கட்டம் இழுத்தார். கிரில் கதவு, அதற்கு உள்ளே தெரியும் இடம், எல்லாவற்றின் மேலும் கன்னங்கரேலென்று ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது.

"முடிஞ்சுதும்மா. கறுப்பப் பூசிட்டுத்தான் கேமராவே பாக்கும். இனிமே அந்த இடத்துல யானை வந்து நின்னாலும் அதுக்குத் தெரியாது."

"சந்தோஷம். அந்த மூஞ்சி தெரியாம இருந்தா போதும்."

திங்கட்கிழமை. மத்தியானம்.

டைலரக்கா ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போன் ‘டிங்’ என்றது.

ஆள். 3.10.

எடுத்துப் பார்த்தாள். சந்து காலி. வெயில் மட்டும் விழுந்திருந்தது. ஆனால் அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் பச்சைக் கோட்டில் ஒரு சட்டம்... நெட்டுக்குத்தலாக, ஒரு ஆள் உயரத்துக்கு.

கறுப்புக்குள் என்ன தெரிந்து சட்டம் போட்டது?

ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். கிரில் சாத்தியிருந்தது. யாரும் இல்லை. கேமராக்காரருக்குப் போன் போட்டாள்.

"இருக்கவே முடியாதும்மா. அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்."

அணைத்துப் போட்டாள்.

செவ்வாய். 3.10. ‘டிங்.’

சட்டம் அதே இடத்தில். ஆனால் நேராக இல்லை. கொஞ்சம் குறுகி, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. நிற்கிறவர் எதையோ பிடித்துக்கொண்டு சாய்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

புதன். 3.10. சட்டம் பாதி உயரம்தான் இருந்தது. யாரோ உட்கார்ந்திருப்பது போல.

அன்று மாலை புருஷனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கென்னமோ சரியாப் படல. போய் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்."

"நானா? அவகிட்டயா?"

"கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"ஆமா. கொறஞ்சு போயிடுவேன்."

வியாழக்கிழமை அவள் வேலை செய்யவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் போனில். ஒரு கண் கிரில்லில்.

3.10.

‘டிங்.’

இந்தத் தடவை சட்டம் தரையோடு தரையாக இருந்தது. உயரமே இல்லை. நீளம் மட்டும். நின்ற ஆள், சாய்ந்து, உட்கார்ந்து... இப்போது படுத்துவிட்டது.

கிரில் பக்கம் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெயில். ஒரு ஜோடிச் செருப்பு.

அப்போது போனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டங்...

டங்... டங்...

இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். மெதுவாக. ஆள் பலமில்லாமல் தட்டுகிற மாதிரி.

வெளியே எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. இருபதடி தூரத்தில்தான் கிரில். அங்கே நிசப்தம். கையில் இருந்த போனுக்குள் மட்டும்...

டங்... டங்...

 போனைத் துணிக் குவியலுக்குள் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை. பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தாள். போனைக் கவிழ்த்துவைத்திருந்தாள்.

‘டிங்.’

கை தானாகப் போயிற்று.

சட்டம் தரையில் கிடந்தது. நேற்றுப் போலவேதான். இல்லை... நேற்றுப் போல இல்லை. கறுப்புக் கட்டத்தின் விளிம்பைத் தாண்டி அது வெளியே நீண்டிருந்தது. ஒரு சாண் அளவு.

அந்த ஒரு சாண் இடத்தில் கறுப்பு கிடையாது. படம் தெளிவாகத் தெரியும் இடம்.

உற்றுப் பார்த்தாள்.

வெறும் சிமெண்ட் தரை.

டங்... டங்...

டங்...

அப்புறம் மூச்சு. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

அப்புறம்...

"அக்கா..."

பதிவு ஒரு நிமிஷம் ஓடும். அவள் முழுதாகக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லோடு அணைத்துவிட்டாள். எழுந்து ஜன்னலை அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.



அது தங்கச்சியின் குரல். சந்தேகமே இல்லை. தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா?

அப்போது அவள் மனதில் வந்தது ஒரே எண்ணம். ஐயோ, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நாலு வருஷத்தில் முதல் தடவையாக அப்படி நினைத்தாள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் போய்க் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். இது சத்தியம். அவளே சொன்னது.

சனிக்கிழமை காலை, தலையை முடிந்துகொண்டு கிளம்பும்போது ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். தங்கச்சி கைப்பையை மாட்டிக்கொண்டு சந்தில் போய்க்கொண்டிருந்தாள். முழுசாக. நல்லபடியாக.

டைலரக்காவுக்கு உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. பின்னாலேயே போனாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. தெருமுனை மருந்துக்கடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி ஆயிற்று.

தங்கச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாரமா தலைவலி விடல" என்று கடைக்காரரிடம் சொன்னாள். பிறகு திரும்பி, பயந்து பயந்து சிரித்தாள்.

"அக்கா, ராத்திரி ரொம்ப நேரம் தைக்கிற போல. லைட்டு எரியுதே. கண்ணு என்னத்துக்காவும்?"

ஒரு வார்த்தை. தினமும் மூணு மணிக்கு உன் வாசலில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி, மாத்திரை வரும் வரை சும்மா இருக்க முடியாமல், கையிலிருந்த சாவிக்கொத்தால் கடையின் இரும்பு மேஜையைத் தட்டினாள்.

டங்...

டங்... டங்...

டைலரக்கா அந்தச் சாவிக்கொத்தையே பார்த்தாள். ஓ! அப்படியா சங்கதி! நீதானா? கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சாவியால் தட்டி, சாகிற மாதிரி ‘அக்கா’ என்று இழுத்து... என்னையே பயங்காட்டுகிறாயா? ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேனே, உனக்காக!

கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "சீக்கிரம் குடுங்க. இங்க காத்து சரியில்ல."

தங்கச்சியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அதுதான் அவளை டைலரக்கா உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் கேமராக்காரரைக் கூப்பிட்டாள்.

"மூணுலேர்ந்து நாலு வரைக்கும் என் போனுக்கு எதுவும் வரக் கூடாது."

"செய்தி வேணாமா?"

"செய்தியும் வேணாம், சத்தமும் பதிய வேணாம். படம் ஓடினா போதும். நாடகம் போடுறவ ஆள் பாக்காத கொட்டகையில போடட்டும்."

திங்கட்கிழமை.

ஜன்னல் வெள்ளிக்கிழமை சாத்தியது, சாத்தியபடியே இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் பாட்டு. மணி மூன்றைத் தாண்டியது. அவள் கண் ஒரு தடவை போனுக்குப் போய் வந்தது.

‘டிங்’ இல்லை. நிம்மதி.

இடையில் ஒரு தடவை வெளியே ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. சாத்திய ஜன்னல் வழியாக, மெஷின் சத்தத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவே, பூனை எதையோ உருட்டுகிற மாதிரி. வழக்கம்போல ஒரு அதட்டல் போட்டாள். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

ஆறு மணிக்குத் தங்கச்சி புருஷன் மில்லிலிருந்து வந்தார்.

அவர் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது.

தங்கச்சி கிரில்லுக்கு உள்பக்கம் விழுந்து கிடந்தாள். தலை வாசலைப் பார்த்து. வலது கை மட்டும் கிரில் கம்பிகளுக்கு நடுவே வெளியே நீண்டிருந்தது. ஒரு சாண்.

விரலில் சாவிக்கொத்து.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். உடனே போகவில்லை, அரை மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கிறது, ஒரு பக்கம் அசைவும் இருந்திருக்கிறது என்றார். அந்த நேரத்தில் யாராவது பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்... என்று ஆரம்பித்து, தங்கச்சி புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டைலரக்கா அழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யார் வந்து தோளைத் தொட்டாலும், "நாடகம்னு நெனச்சேன்... நாடகம்னு நெனச்சேன்" என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், முன்பு வந்த அதே போலீஸ்காரர் கேமராப் பதிவைக் கேட்டு வந்தார். தனியாக இருந்தபோது நடந்த சாவு, பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். தங்கச்சி புருஷனும் கூட வந்தார். கேமராக்காரர் கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டார். தையல் அறையில் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

திங்கட்கிழமை. 3.10.

கறுப்புக் கட்டம். அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. பச்சைச் சட்டமும் இல்லை.

3.14. கறுப்பின் விளிம்பிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

கை மட்டும். சாவிக்கொத்தோடு. கம்பியைத் தட்டியது. நின்றது. தட்டியது. சத்தமே இல்லை. தட்டுகிறது... நிற்கிறது... தட்டுகிறது... இருபதடி தள்ளி டைலரக்காவின் ஜன்னல் சாத்திக் கிடக்கிறது.

3.47க்குக் கை நின்றது. பிறகு அசையவில்லை.

"சத்தம் ஏன் வரல?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

கேமராக்காரர் தரையைப் பார்த்தார். "நிறுத்தச் சொன்னாங்க. சனிக்கிழம."

தங்கச்சி புருஷன் நிமிர்ந்தார். "ஏன்?"

 கேமராக்காரர்தான், "அதுக்கு முன்னாடி வாரம் என்னமோ செய்தி வருதுன்னு பயந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே பழைய பதிவைத் தேடினார்.

"அத விட்டுடுங்க" என்றாள் டைலரக்கா. "வேணாம். விட்டுடுங்க."

அவர் அதற்குள் அழுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை. 3.10. காலிச் சந்து. வெறும் சிமெண்ட் தரை. அதன் மேல் பச்சைச் சட்டம்.

டங்... டங்...

டங்...

"அக்கா..."

 தங்கச்சி புருஷன் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவ குரல். இது... வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழம அவ நல்லா இருந்தாளே? அன்னைக்கு மத்தியானம் எங்கூட மில் கேன்டீன்ல உக்காந்து சாப்பிட்டா. சாயங்காலம் வரைக்கும் வீட்டுலயே இல்லியே..."

டைலரக்கா கேட்காத மீதிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா... கதவத் தெற... அக்கா..."

டங்...

பின்னால், எங்கோ சுவருக்கு அப்பால், தையல் மெஷின் ஓடும் சத்தம். அதற்கும் பின்னால் ரேடியோ. பாட்டு முடிந்து அறிவிப்பாளரின் குரல், மெல்லியதாக, ஆனால் தெளிவாக.

"...திங்கட்கிழமை பிற்பகல், நேரம் மூன்று மணி பதினைந்து நிமிடம்..."

போலீஸ்காரர் குனிந்து திரையின் மேல் மூலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தேதிதான். கேமராக்காரர் நேரத்தைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சரிபார்த்தார்.

தங்கச்சி புருஷன் மெதுவாகத் திரும்பினார். கோபப்படவில்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"அப்ப, அவ உங்களக் கூப்பிட்டது... உங்களுக்கு மூணு நாள் முன்னாடியே கேட்டுச்சா, அண்ணி?"

 

பதிவில் இன்னும் சில நொடி மிச்சம் இருந்தது.

டங்... டங்...

"அக்கா..."

மெஷின் சத்தம் நின்றது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, எல்லோருக்கும் பழக்கமான ஒரு குரல் வந்தது.

"சூ! போ சனியனே!"

அப்புறம் ரேடியோவின் சத்தம் கூடியது. தட்டுகிற சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை டைலரக்கா அப்படிக் கத்தவே இல்லை. சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றாள்.

அவள் கத்தியது திங்கட்கிழமை.